தானாக ஓடிய ஏழு

ஆறு மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும். இன்னும் இருபது நிமிடம். சாஜிதாவின் வீட்டு எண்ணைத் தட்டிய அனுசியா விரலை எடுத்த பிறகும் திரையில் ஏழு ஓடிக்கொண்டே இருந்தது: 77777777.

தென்காசி பழைய பேருந்து நிலையம் பக்கம் கணேசமூர்த்தியின் கடையில் ஒரே கணினி. ஆறு வருடமாக அதில் ஊராருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள் அனுசியா. கணவனை இழந்தவள் என்று நேற்று ஆயுதபூசையின்போது அவளை வாசலிலேயே நிறுத்திவைத்தார் முதலாளி.

பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அச்சன்புதூர் சாஜிதாவுக்கு இதுதான் கடைசி அரசுத் தேர்வு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து சான்றிதழ் கைக்குச் சேர்ந்ததே இன்று மத்தியானம்தான்.

"ஏளா, என்னத்தப் பண்ணித் தொலைச்ச?" கணேசமூர்த்தி கத்தினார். "பூசைக்குப் பொறவு மொதல்ல பட்டது ஒங் கைதான? வெளங்குமா?"

அனுசியா விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினாள். ஏழு நின்றது. செருகினாள், மறுபடி ஓடியது. கணினியில் கோளாறில்லை. விசையை அமுக்கினால் பலகைக்குள் இரண்டு மெல்லிய தகடுகள் தொட்டுக்கொள்ளும். எந்த இடம் தொட்டது என்பதை உள்ளிருக்கும் சிறு சில்லு ஓர் எண்ணாக்கி வயரில் அனுப்பும். கணினிக்குப் போய்ச் சேருவது அந்த எண் மட்டுமே. அமுக்கியவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்ற சேதி அந்த வயரில் போவதில்லை.

பலகையைக் கவிழ்த்து உதறினாள். மேசையில் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது.

"அண்ணாச்சி, சந்தனத்தப் பாயாசமாட்டம் கரைச்சு பட்டன் பட்டனா அப்புனது ஆரு? நா வாசல்லல்லா நின்னேன்."

"சாமி காரியத்தப் பேசாத!"

"சாமியப் பேசல. உள்ள போன தண்ணியப் பேசுதேன்."

"எந்திரிட்டி, நா பாக்கேன்."

"அக்கா எந்திரிக்காதீங்க," என்றாள் சாஜிதா. "நீங்களே போடுங்க."

பன்னிரண்டு நிமிடம். மவுசுக்குத் தனி வயர். அதற்கு முதலாளி சந்தனத்தை ஒரு பொட்டோடு நிறுத்தியிருந்தார். அனுசியா பலகையின் வயரை மறுபடி பிடுங்கிவிட்டு, திரையிலேயே விசைப்பலகைப் படத்தை வரவழைத்து, அம்புக்குறியை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திச் சொடுக்கினாள். சாஜிதா சொல்லச் சொல்ல ஊர்ப்பெயர் எறும்பாய் ஊர்ந்தது. ஓர் எழுத்து தவறியது. அழித்தாள். கழுத்தோரம் வியர்த்தது. சாஜிதாவின் அலைபேசிக்கு வந்த ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணையும் அப்படியே போட்டாள்.

ஐந்து ஐம்பத்தெட்டு. சமர்ப்பித்தாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது.

விண்ணப்ப எண் வந்தது. சாஜிதா அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள்.

கணேசமூர்த்தி வாயைத் திறந்தார். அனுசியா முந்திக்கொண்டாள்.

"புது கீபோர்டு வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி. வெளிய மூணு பேரு நிக்காவ."