எங்கள் தட்டு விட்டதை ஜெரால்டு பிடித்த காலை

சமோசா வாசனை வந்தால் போதும்... எனக்கு அந்த ஏ.சி. ரூம்தான் ஞாபகம் வரும்.

போர்ட் பிளேரில் ஒரு மேடு. அதன்மேல், போகிற ராக்கெட்டைப் பார்த்தபடியே தலையைத் திருப்பி அதன் சிக்னலைப் பிடிக்கிற பெரிய தட்டு ஆன்டெனா. அதன் கீழே நானும் ஜெரால்டும் டெக்னீஷியன்கள். நான் அந்தமானிலேயே ரங்கத் ஊர்க்காரன், அவன் வீடு தூத்துக்குடிப் பக்கம். ஒரே ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போவோம்.

மெயின்லேண்டில் ராக்கெட் கிளம்பினால் எங்களுக்குத் தெரிவது சில நிமிடம்தான். பூமி உருண்டையாயிற்றே... கிழக்கே சரிந்து மறைந்துவிடும். அதற்கப்புறம் பார்க்க இன்னொரு தேசத்துத் தீவு வேண்டும். நாடுகள் விண்வெளியில் ஏன் கூட்டுச் சேர்கின்றன என்று டிவியில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எவ்வளவு பெரிய வீடு கட்டினாலும் தெருமுனை தெரிய அடுத்தவன் மொட்டைமாடியைத்தான் கேட்கவேண்டும். நாளைக்கு நம் மாடியை அவன் கேட்பான். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு தடவை, கிழக்கே அப்படித் தீவு தந்த நட்பு நாட்டு ஸ்டேஷனுக்கு இங்கிருந்து ஒரு ஆள் போகவேண்டும் என்று வந்தது. சீனியர் நான். ஏ.சி. ரூமில் டீயும் சமோசாவுமாக நாங்கள் இருந்தபோது, எங்கள் ஆபீசர் சார் கதவைத் திறந்து யாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்று இந்தியில் கேட்டார்.

"பாஸ்போர்ட் கிஸ்கே பாஸ் ஹை?"

ஜெரால்டு கையைத் தூக்கினான்.

என்னிடம் இல்லை. மெயின்லேண்ட் போகக் கப்பல் டிக்கெட் போதும், தீவுக்காரனுக்குப் பாஸ்போர்ட் எதற்கு என்று இருந்துவிட்டேன். எங்கள் தீவுகளின் தென்கோடி கேம்பல் பேயில் நின்று பார்த்தால் சென்னையைவிட அந்த நாடுதான் பக்கம்... அதற்குப் போய்ப் பாஸ்போர்ட்டா என்று எரிச்சல்.

"அடுத்த தடவ நீதாம்ல போவ," என்றான் ஜெரால்டு. அவன் பிளேன் ஏறிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான். வேறு பெயர் சொல்லி என்ன செய்ய?

ராக்கெட் கிளம்பிய காலை, ஹெட்போனோடு நான். சிக்னல் போனதும் நான் சொல்லவேண்டும். அந்தப் பக்கம் பிடித்ததும் ஜெரால்டு சொல்லவேண்டும். எல்லாம் இங்கிலீஷில்தான், அது ரூல்.

சொன்னேன். லைனில் சத்தமே இல்லை.

கிடைக்காமலே போகட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன்... நிஜமாகவே. அடுத்த நொடி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். போனது எத்தனையோ பேருடைய உழைப்பு.

"மில் கயா... கெடச்சிருச்சுல முருகேசா."

இரண்டு நாட்டு ஆபீசர்களும் கேட்கிற லைனில் என் பெயர். சார் முறைத்தார். நான் சிரித்தேன், கண்ணும் கலங்கியது. ஆனாலும் பொறாமை போகவில்லை. அவன் எனக்கென்று வாங்கி வந்த பூப்போட்ட சட்டையை ரொம்ப நாள் தொடவே இல்லை.

இப்போது நம் ஆட்கள் அடுத்த நாட்டு விண்கலத்தில் ஏறி, வானத்திலேயே தங்கிவிட்டு வருகிறார்கள். "பாத்தியால?" என்று ஜெரால்டு போன் பண்ணுகிறான். பார்த்தேன்.

அவன் போன மறுமாதமே நானும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். இரண்டு தடவை புதுப்பித்தும் ஆயிற்று. ஒரு முத்திரைகூட விழவில்லை. அந்த அடுத்த தடவைக்கு முன்னால் ரிட்டயர்மெண்ட் வந்துவிட்டது.

இன்றும் டீ குடிக்கும்போது யாராவது கதவைத் திறந்தால், கை தானாக எழப் பார்க்கிறது...