கணவாய் ஏறிய சத்தம்

புதுச் சைலன்சர் முதன்முதலாகச் சூடேறியபோது கிளம்பிய எரிந்த பெயின்ட் வாடை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடை அது. அப்பா உறவுக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போன சமயம் பார்த்து, அவருடைய நூறு சிசி வண்டியின் பழைய சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, சேலத்தில் வாங்கிய குட்டைக் குழாயை மாட்டினேன். காற்று வடிகட்டும் பெட்டியையும் தூக்கிவிட்டு, கார்ப்பரேட்டர் வாயிலேயே ஒரு சின்ன வலை ஃபில்டரைச் செருகினேன். ஸ்டாண்டில் நின்றபடி வண்டி ‘டுபு டுபு’வென்று அடித்த சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்தது.

எட்டிப் பார்த்தவர்களில் என் தங்கை செல்வியும் உண்டு. என்னைவிட ஒரு வயது இளையவள். நிற்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, பாரம் ஏறினால் மூச்சு வாங்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் காது அப்படி. எங்கள் வெற்றிலைத் தோட்டத்துக் கிணற்று மோட்டார் தண்ணீர் வற்றிக் காற்றை இழுக்கத் தொடங்கினால், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கண்டுபிடித்துவிடுவாள். அப்பா எச்சில் கையோடு ஓடிப்போய் நிறுத்துவார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், காக்காய் கத்துவதுதான் கேட்டது. ‘பாப்பா காது’ என்று அப்பா ஊரெல்லாம் பெருமை பேசும்போது எனக்கு வயிறு எரியும். என்னைப் பற்றிப் பெருமை பேச அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அவள் சொன்னதே நடந்தது. ஊரிலிருந்து திரும்பிய அப்பா, வெற்றிலைக் கட்டுகளோடு சேலம் சந்தைக்குக் கிளம்ப, மஞ்சவாடி கணவாய் ஏற்றத்தில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. வெற்றிலை வெயிலில் வாடிப்போனது. அப்பா கத்தவில்லை. “ஞாயித்துக்கெழம கணவா ஏறணும். ஏறுலன்னா வண்டிய வித்துப்போட்டு நான் பஸ்ஸுலயே போயிக்கறன்” என்றார்.

கல்லூரிக்கு அந்த வண்டியில்தான் போவேன் என்று நண்பர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். பழைய சைலன்சரையே மாட்டிவிடச் சொன்னாள் அம்மா. மாட்டினால் செல்வி ஜெயித்ததாகிவிடும். அதற்கு வண்டி விலை போவதே மேல் என்று தோன்றியது. கார்ப்பரேட்டரின் பக்கவாட்டிலிருந்த திருகாணியைத் திருகித் திருகி, நிற்கும்போது வரும் சத்தத்தை மட்டும் மெருகேற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பாப்பிரெட்டிப்பட்டி மெக்கானிக் பாஷா பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. குழாயும் ஃபில்டரும் திறந்துவிட்டதில் காற்று அதிகமாகப் போகிறது, அதற்கு ஈடாகப் பெட்ரோல் போகவில்லை என்றார். பெட்ரோல் போகும் ஜெட்டைக் கொஞ்சம் பெரியதாக மாற்றினார்; மீதியை ஏற்றத்தில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும், யாராவது பின்னால் உட்கார்ந்து கேளுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கணவாய் அடிவாரத்துக்குப் போனோம், அப்பாவும் செல்வியும் வண்டியில், நான் மட்டும் ஸ்பேனர் பையோடு பஸ்ஸில். இறங்கியதும் பின்சீட்டைப் பார்த்து நடந்தேன். “நீ இங்கியே இரு. பாப்பா கேக்கட்டும்” என்றார் அப்பா.

டீக்கடை வாசலில் நின்றேன். என் குழாய், என் ஃபில்டர், நான் தள்ளிக்கொண்டு போய் மாற்றிவந்த ஜெட், எல்லாம் அவளை ஏற்றிக்கொண்டு போயின. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள்.

“ஆக்ஸிலேட்டர முக்காவாசி முறுக்குறப்ப சத்தம் கம்முது ண்ணா. ஊசிய ஒரு படி ஏத்து.”

கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஊசி அது; சத்தம் அடைத்தால் அதை ஏற்ற வேண்டும் என்று பாஷா பாய் சொன்னதை வீட்டில் நானே சொல்லியிருந்தேன். சூடு கையைச் சுட, கழற்றி ஒரு படி உயர்த்தி மாட்டினேன். சரியாக வரக் கூடாது என்றும் இருந்தது, வண்டி போய்விடக் கூடாது என்றும் இருந்தது. மறுபடி ஏறினார்கள். முதல் வளைவு, இரண்டாம் வளைவு, இருமல் இல்லை. சத்தம் மலைமேல் சீராக ஏறிக்கொண்டே போய், காதுக்கு எட்டாமல் மறைந்தது. எனக்கே தெரிந்தது அது எவ்வளவு அழகென்று. வண்டி பிழைத்த சந்தோஷத்தில் அழுகையும், பிழைக்கவைத்தது அவள் என்ற எரிச்சலில் அழுகையும் சேர்ந்து வர, டீக்கடைக்காரர் கண்ணில் தூசியா என்று கேட்டார். இறங்கி வந்த அப்பா வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே சொன்னது, “பாப்பா காதே காது.”

அந்த வண்டி இப்போது இல்லை. வெற்றிலைக் கொடிக்கால் போய் வாழை வந்துவிட்டது. கிணற்று மோட்டாரைத் தண்ணீர் வற்றினால் ஒரு கருவியே நிறுத்திவிடுகிறது. என் புது வண்டியில் திருக ஒரு திருகாணி கிடையாது, காற்றையும் பெட்ரோலையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. இனி யார் காதும் தேவையில்லை என்று வாங்கிய அன்று எனக்கொரு நிம்மதி. போன மாதம் ஓசூரிலிருந்து செல்வி வந்திருந்தாள். பெருமைக்காகப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே கணவாய் ஏறினேன். இரண்டாம் வளைவில் முதுகைத் தட்டினாள்.

“ண்ணா, செயின் தொங்குதாட்டம் இருக்குது, பாரு.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்திக் குனிந்து பார்த்தேன். தொங்கத்தான் செய்தது.