மஞ்சள் இலைப் பாட்டில்கள்

சங்கமித்ரா பி.எஸ்சி. தாவரவியலில் இரண்டு வருஷம் படித்தவள். மூன்றாம் வருஷத்துக்குப் பணம் கட்டவில்லை. கார்ப்பரேஷனில் வேலை பார்த்த அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதும், ஸ்ரீராம்புரத்திலிருந்து பீன்யா தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு திசு வளர்ப்புக் கூடம். செடியின் நுனிக் குருத்தை நறுக்கி, பாட்டிலுக்குள் உறைந்திருக்கும் ஊட்டக் கூழில் நட வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு வாழைக் குருத்து. இருபது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

போன வருஷம்தான் தீபிகா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, ஆராய்ச்சி மாணவி. அவள் கொண்டுவந்தது சீனித்துளசி, சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படும் இனிப்பு இலைச் செடி. கூடவே ஒரு சின்ன டப்பாவில் வெள்ளைப் பொடி.

"இது துத்தநாக ஆக்சைடு அக்கா, நானோ துகள். தலைமுடி தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது. கூழ்ல கலந்தா செடிக்கு லேசா ஒரு அதிர்ச்சி. அதைத் தாங்கிக்கறதுக்கு இலையில இனிப்புச் சத்தை அதிகமா சேர்க்கும்னு நினைக்கிறோம்."

பொடியின் அளவைக் கூட்டிக் கூட்டி ஐந்து வரிசை வைத்தார்கள். நடுகிற வேலை சங்கமித்ராவுடையது. சாப்பாட்டு நேரத்திலும் போய் வரிசை முன்னால் நிற்பாள். மூன்றாம் வாரம் அவள்தான் முதலில் சொன்னாள்.

"ரெண்டாவது வரிசை பாருங்க மேடம். இலை தடிச்சிருக்கு. கடைசி வரிசை மஞ்சளாயிடுச்சு. பொடி ஜாஸ்தி போல."

இலைகள் சோதனைக்குப் போய் வந்தன. இரண்டாம் வரிசையில் இனிப்பு சாதாரணச் செடியைவிட ஒன்றரை மடங்கு. தீபிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க ஏன் மேல படிக்கல?" என்றாள். சங்கமித்ரா சிரித்தாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது சிரிப்பு வரவில்லை.

தீபிகா மேற்படிப்புக்கு ஜெர்மனி போனாள். ஆராய்ச்சி முடிந்தது, பாட்டில்களை அழித்துவிடலாம் என்று உத்தரவு வந்தது. அழிக்கும் வேலையும் சங்கமித்ராவுக்கே. ஒவ்வொன்றாக எடுத்து கூடையில் அடுக்கியவள், மஞ்சள் வரிசையில் ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். வாடிய தண்டின் அடியில் கடுகளவு பச்சைத் துளிர்.

மேனேஜர் ஸ்ரீகண்டனிடம் ஓடினாள். "சார், இது பொழைச்சிருக்கு. பொடி இல்லாத கூழ்ல மாத்தி வெச்சா வளரும். அப்பவும் இனிப்பு ஜாஸ்தியா இருக்குமா, இல்ல பட்ட அடிய மறந்துடுமான்னு பார்க்கணும். ஒரே ஒரு ரேக் குடுங்க சார்."

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சென்னாகிதே, நல்லாத்தான் கேட்கிறே. ஆனா அந்தப் பொடி பட்ட செடியை வெச்சுக்கறதுக்கு நமக்கு பெர்மிஷன் இல்லைம்மா. முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான்."

அந்தப் பாட்டிலையும் மற்றவற்றோடு அவளே கிருமி அழிக்கும் நீராவிக் கலத்துக்குள் வைத்து மூடினாள். நீராவி ஏறி அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தீபிகா போன் செய்தாள். கட்டுரை வெளிவந்துவிட்டதாம். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் சங்கமித்ராவின் பெயரும் இருக்கிறதாம். அவளுக்குக் கேட்க வேண்டியது வேறு. துளிரைப் பற்றிச் சொல்லி, பொடியில்லாமல் வளர்த்தால் இனிப்பு நிற்குமா என்று கேட்டாள்.

"தெரியலக்கா. யாரும் செஞ்சு பார்த்ததா எனக்குத் தெரியல. நான் திரும்பி வந்ததும் நாம சேர்ந்து பார்ப்போம்."

"எப்போ வருவீங்க?"

"நாலு வருஷம் ஆகும்."

அந்த வாரமே சங்கமித்ரா தொலைதூரக் கல்வி அலுவலகத்துக்குப் போய், விட்ட படிப்பைத் தொடர முடியுமா என்று விசாரித்தாள். பழைய இரண்டு வருஷம் கணக்கில் வராது, முதலிலிருந்து மூன்று வருஷம் படிக்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, படியிலேயே உட்கார்ந்து, பெயரை எழுதத் தொடங்கினாள்.