பிள்ளையார் இருந்த இடம்

எங்கள் வீட்டில் வாய் நிற்காத ஆள் நான்தான். "இவகிட்ட ஒரு விஷயத்த சொன்னா, அது மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வந்துடும்" என்பாள் அம்மா. அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் என் கண்ணெதிரே நடந்தும், நடப்பது இன்னதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காரை விற்கப் போகிறார்கள் என்பது அம்மாவுக்கும் அவள் தம்பியான என் மாமாவுக்கும் மட்டும் தெரியும். ஒன்பது வயதுக்காரியான நான், ஆயுத பூஜைக்காகக் காரைத் துடைக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ராஜா அண்ணாமலைபுரத்தில், பெரிய பெரிய அடுக்குமாடிகளின் முதுகுப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. வாசலில் புங்க மரத்தடியில் கார் நிற்கும். கல்யாணம், ஏர்போர்ட், திருப்பதி என்று நைனா அதை வாடகைக்கு ஓட்டினார். எந்த முதலாளியோ ஆண்டு அனுபவித்துவிட்டு விற்ற கார். ஆனால் சீட்டெல்லாம் அசல் தோல், காப்பிப் பொடி நிறம். அந்தச் சந்தில் தோல் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன ஒரே பெண் நான் என்பதால் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. அம்மா பேரில் வாங்கினால்தான் ராசி என்று நைனா அந்தக் காரை அவள் பேரில் பதிந்திருந்தார். அந்த ராசிதான் பிறகு அவருடைய கையெழுத்து இல்லாமலே காரை விற்க வழி செய்தது.

நைனா நல்ல உயரம். டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால்தான் அவருடைய கால் அடங்கும். வாங்கிய அன்று தள்ளியதோடு சரி, பிறகு அது அங்கேயே இறுகிப்போனது. மாமா எப்போதாவது வண்டியை எடுத்தால் முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டுதான் ஓட்டுவார். "சீட்ட மட்டும் நவுத்தின, கைய ஒடச்சிடுவேன் பாத்துக்க" என்று நைனா மிரட்டி வைத்திருந்தார்.

அந்த வருஷம் நைனாவுக்கு வலது காலில் செருப்பு கடித்துப் புண்ணானது. சர்க்கரை உடம்பு. துணியைச் சுற்றிக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று வண்டி ஓட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காலை எடுத்து வீடு திரும்பிய நைனா அழவில்லை. "பொய்க்கால் ஒண்ணு மாட்டிக்கினா பிரேக்க மிதிக்க முடியாதா இன்னா?" என்றார். தினமும் காலையில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பேட்டரி இறங்கிவிடும் என்று சொல்லி வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்வார். அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் டீயில் வாய் வைப்பார். இப்படி இருக்கிற மனுஷனிடம் வண்டியை விற்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? அம்மாவுக்குத் துணிச்சல் வரவில்லை. பட்டறைக்குப் போயிருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு மெல்ல மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று அக்காவும் தம்பியும் பேசி வைத்திருந்தார்கள்.

மாமாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் கார் சீட் தைக்கும் பட்டறையில் வேலை. அந்த ஞாயிறு காலை ஒரு பை நிறைய சாமானோடு வந்து இறங்கினார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நைனா, பையைப் பார்த்தார்.

"இன்னாடா மச்சான், காலங்காத்தால?"

"ஆயுத பூஜ வருதுல்ல மாமா. வண்டிய கொஞ்சம் பளபளன்னு ஆக்கிடலாம்னு."

"அதுக்கு இன்னும் ஒரு வாரம் கீதே."

"அப்போ பட்டறையில தலைக்கு மேல வேல இருக்கும் மாமா."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. கல் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா கதவுகளைத் திறந்துபோட்டு வேலையைத் தொடங்கினார். முதலில் தூசி தட்டினோம். பிறகு நுரையைத் துணியில் எடுத்து ஒவ்வொரு சீட்டாகத் துடைத்தோம். தையல் ஓரங்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கும் வேலை எனக்கு. "அழுத்தாத பாப்பா. தோலு ரொம்பத் தண்ணி குடிச்சா அப்பால வெடிச்சிடும்" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். சீட் இடுக்கிலிருந்து காய்ந்த மல்லிகை, ஊக்கு, ஒரு குழந்தையின் கொலுசு மணி எல்லாம் வந்தன. வாளித் தண்ணீர் கறுத்தது. எத்தனை கல்யாணத்து அழுக்கு! நிழலில் உலரவிட்டு, டப்பாவிலிருந்த கிரீமை விரலால் எடுத்து வட்டம் வட்டமாகத் தடவினார் மாமா. வறண்டு வெளுத்துக் கிடந்த தோல் அதைக் குடித்துவிட்டு மறுபடியும் காப்பிப் பொடி நிறத்துக்கு வந்தது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

இனி பிள்ளையார் விஷயம். டேஷ்போர்டு நடுவில், கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிள்ளையார் டேப்பில் ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னொரு தடவை மாமா ஆர்வக்கோளாறில் டேஷ்போர்டு முழுக்க பாலிஷ் போட்டு, அதன்மேல் பிள்ளையாரை ஒட்டிவிட்டார். தேனாம்பேட்டை சிக்னலில் பச்சை விழுந்து நைனா வண்டியை எடுத்ததும், பிள்ளையார் சறுக்கிக்கொண்டு வந்து, முன்சீட்டிலிருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா மடியில் உட்கார்ந்துவிட்டார். அபசகுனமா நல்ல சகுனமா என்று மண்டபம் போகும்வரை வண்டிக்குள் ஒரே விவாதம். அன்றிலிருந்து நைனா ஒரு சட்டம் போட்டார். சாமி இருக்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பாலிஷ் படக் கூடாது. பாலிஷ் பிசுக்கில் டேப் ஒட்டி நிற்காது. அதன்பின் ஒவ்வொரு பூஜைக்கும் அந்த இடம் மட்டும் மங்கலாகவே இருக்கும்.

அன்று அம்மா வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பிள்ளையாரை இரண்டு கையாலும் பெயர்த்து எடுத்தாள். "கழுவி எடுத்தாறேன்" என்று உள்ளே போனாள். கழுவவில்லை. சமையலறை மாடத்தில் வைத்து விளக்கேற்றினாள். வண்டியோடு சாமியைக் கொடுத்தனுப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது அன்று எனக்குத் தெரியாது.

அங்கே ஒட்டிக்கொண்டிருந்த பழைய டேப்பை மாமா சுரண்டி எடுத்தார். வாங்குகிறவர் கண்ணுக்கு அந்த மங்கல் வட்டம் உறுத்தும் என்று நினைத்தாரோ என்னவோ, டேஷ்போர்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பில் பாலிஷ் போட்டார். அதற்குள் நைனா வாக்கரை ஊன்றி ஊன்றி காருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"மாமா, பிள்ளையார் எடத்துலயும் போட்டுட்டீங்க. இப்ப சாமிய எப்படி ஒட்டுறது?"

மாமாவின் கை அப்படியே நின்றது. அவர் நைனாவைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தார். நைனா அந்தப் பளபளப்பான இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு இன்றைக்குச் செம திட்டு என்று நான் காத்திருந்தேன்.

"வுடு பாப்பா" என்றார் நைனா. "போடட்டும். நல்லாத்தான் கீது."

பிறகு கையை நீட்டினார். "அந்தத் துணிய இப்டி குடு. என் சீட்ட நான் பாத்துக்கறேன்."

கதவுப் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சீட்டை அவரே துடைத்தார். தலை சாய்க்கும் இடத்தில் அவருடைய தேங்காயெண்ணெய் வருஷக்கணக்காக ஊறி, கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அதைத்தான் வெகுநேரம் துடைத்தார். அது முழுசாகப் போகவில்லை. கிரீம் தடவினார், ஊறவிட்டார், மறுபடி துடைத்தார்.

கடைசியில், "மச்சான், சீட்டுக்கு அடியில கீற தண்டவாளத்துல எண்ண வுட்டு முன்னால தள்ளு" என்றார்.

"எதுக்கு மாமா அது?"

"தள்ளுடான்னா."

நான் கீழே குனிந்து லிவரை இழுக்க, மாமா பின்னாலிருந்து தள்ள, கறகறவென்று வாங்கிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அந்தச் சீட் நகர்ந்தது. "இன்னும் கொஞ்சம். போதும், போதும். சுமாரான ஒசரத்து ஆளுக்கு இது சரியா இருக்கும்" என்றார் நைனா. கடைசியாகச் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. எனக்கு வண்டி கற்றுக்கொடுக்கத்தான் சீட்டை முன்னால் தள்ளுகிறார் என்று என் மனம் அதற்குள் முடிவு கட்டிவிட்டது. ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தேன்.

"எட்டல நைனா."

"எட்டும்" என்றார். என் கன்னத்தைத் தட்டிய அவர் கையில் அந்தக் கிரீம் வாசனை அடித்தது.

மறுநாள் காலை நான் சீருடையோடு கிளம்பி நின்றபோது மாமாவோடு ஒருவர் வந்தார். சுமாரான உயரம். அரைக்கைச் சட்டை. "பட்டறையிலேந்து வந்துகிறாரு. டிங்கரிங் வேலைக்கு வண்டிய எடுத்துக்கினு போறாங்க" என்று அம்மா நைனாவிடம் சொன்னாள். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா தலையாட்டினார்.

அந்த ஆள் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கால் நேராகப் போய்ப் பெடலில் நின்றது. "பரவாயில்லையே, சீட்ட இழுக்கற வேலையே இல்ல" என்றார்.

அம்மா சட்டென்று திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமா தலை குனிந்துகொண்டார். பிறகு நைனாவைப் பார்த்தாள். வண்டி சந்தைத் தாண்டுவதற்குள் அவருடைய நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து, முகத்தை அவர் மடியில் வைத்து அழ ஆரம்பித்தாள். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. கால் போனபோதுகூட அவள் எங்கள் முன்னால் அழவில்லை.

நைனா அவள் தலையில் கை வைத்தார். "இன்னாத்துக்கு அழுவுற? பட்டறைக்குத்தான போவுது?"

அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். பட்டறைக்குப் போகிற வண்டிக்கு யாராவது இப்படி அழுவார்களா என்று அம்மாவின் மேல் கோபம்கூட வந்தது. என் கவலை எனக்கு.

"நைனா, அந்த ஆளு நம்ப சீட்ட நவுத்திடப் போறாரு. நவுத்தாதன்னு போன்ல சொல்லு."

"நவுத்த மாட்டாரு பாப்பா" என்றார் நைனா.

எனக்கு அது போதும். புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஓடினேன். பூஜை முடிந்ததும் எங்கள் நைனா எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறார் என்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.