பாதி வரியில் நின்ற செய்தி

போன வாரம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். என் போனில் இடம் நிரம்பிவிட்டது. கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒரு ஆரஞ்சு நிறப் படத்தில் நின்றார். "இன்னாக்கா இது, தொறந்தா ஒண்ணுமே வரல. தூக்கிடட்டா?" செய்தித் தளங்களின் ஃபீடு படிக்கிற ஆப் அது. நான் சேர்த்து வைத்திருந்த பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில், ஃபீடு நின்றுபோனது என்று சிவப்பாக ஒரு குறி. "கொஞ்சம் இருங்க" என்றேன். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து மேசையில் ஒருவர் சால்டரிங் வைத்தார். புகை மூக்கில் ஏறியதும் நான் கடையில் இல்லை, ஒரகடத்தில் என் பழைய கம்பெனியில் இருந்தேன்.

கொஞ்சமாக முகர்ந்தால் அது சாம்பிராணிக்குத் தம்பி மாதிரி இருக்கும். நாள் முழுக்க முகர்ந்தால் சோறும் அதே வாசனை அடிக்கும். சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனி. சங்கரன்கோவிலிலிருந்து ஒரு டிப்ளமோவோடு வந்த எனக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில், கம்ப்யூட்டர் முன்னால் வேலை. உற்பத்தி லைனில் நிற்கிற பெண்களுக்கு நான் பெரிய ஆபீசர். என் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. செல்போனை மெயின் கேட்டுக்கு வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ், இறங்கினால் ஹாஸ்டல், ஹாஸ்டலுக்கு ஒரு கேட், அந்த கேட்டுக்கு ஒரு வார்டன். போதாக்குறைக்கு, சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாதியில் போனால் அது கைக்கு வராது என்று பேச்சு. எனக்கு மூச்சு முட்டும். ஓரமாகப் போய் அழலாமென்றால் பாத்ரூமுக்கும் டோக்கன் வாங்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் எல்லாச் செய்தித் தளங்களையும் அடைத்து வைத்திருந்தார்கள். ஆனால் மெயில் பார்க்கிற மென்பொருளின் மூலையில் ஃபீடு என்று ஒரு பெட்டி இருந்தது. அதை அடைக்க மறந்துவிட்டார்கள். பத்திரிகையின் ஃபீடு முகவரியை அதில் போட்டுவிட்டால், புதுச் செய்தி மெயில் போலவே வந்து விழும். முழுசாக வராது. தலைப்பும் ஒன்றரை வரியும், அப்புறம் மூன்று புள்ளி. சொடுக்கினால் 'அனுமதி இல்லை'. "சென்னை புறநகரில் கனமழை" என்று விழும். அந்த மழை எங்கள் தலைக்கு மேலேயே பெய்துகொண்டிருக்கும். அதையும் எங்களுக்குப் பத்திரிகைதான் சொல்ல வேண்டும்.

டீ நேரத்தில் நான்தான் நியூஸ் ரீடர். "ஏட்டி, இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?" என்று முதலில் வருபவள் ஜெனிபா. தூத்துக்குடிப் பக்கம், மீன்பிடிக் குடும்பம். லைனின் கடைசியில் லென்ஸ் வைத்துப் போர்டு பார்ப்பவள். புள்ளிக்குப் பிறகு வர வேண்டிய மீதியை நான் பாட்டுக்கு அளந்துவிடுவேன். அமைச்சர் ராஜினாமா என்று வந்தால் காரணம் என் கையில். புளுகுகிறேன் என்று தெரிந்தும் ஜெனிபா முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

ஒரு நாள் காலை, கழித்த போர்டுகளை என் மேசையில் வைக்க வந்தவள் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தடித்த எழுத்தில் புதிதாக விழுந்திருந்தது: "தூத்துக்குடி அருகே கடலுக்குச் சென்ற மீனவர்கள் கரை திரும்பவில்லை. படகில் இருந்த ஆறு பேரும்..."

அவ்வளவுதான். அவள் அண்ணன் முந்தின நாள்தான் கடலுக்குப் போயிருந்தான். சொடுக்கினேன், அனுமதி இல்லை. மறுபடியும் சொடுக்கினேன், அனுமதி இல்லை.

"மீதிய சொல்லுட்டி" என்றாள் ஜெனிபா.

சூப்பர்வைசரிடம் ஓடினோம். ஒரே ஒரு போன் என்று கெஞ்சினோம். "இன்னாமா வெளாட்றியா? லைன் நின்னுகினு கீது. மாத்தி நிக்க ரிலீவர் யாரும் இல்ல, ஷிப்ட் முடிஞ்சி பேசு" என்றார். ஜெனிபா தொப்பியைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். "பாத்துகினு நிக்கிறியே, போய் இட்டுகினு வா" என்று அவர் என்னை விரட்டினார்.

நான் போய்ச் சேரும்போது அவள் கேட்டுக்கு வெளியே, காதில் போனோடு நின்றாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நான். யாரும் எடுக்கவில்லை. திடீரென்று "யண்ணே!" என்று ஒரு சத்தம். "வீட்டுலயா இருக்க? சாப்பிடுதியா?" அழுதுகொண்டே சிரித்தாள். விடியவே கரைக்கு வந்துவிட்டானாம். அது போன வருஷச் செய்தியாம். அந்த ஆறு பேரும் அன்றைக்கே பத்திரமாகத் திரும்பியவர்களாம். பத்திரிகைக்காரர்கள் தளத்தை மாற்றியமைத்ததில் பழைய செய்திகள் எல்லாம் புதிது போல வந்து விழுந்திருக்கின்றன. பிறகு போய்ப் பார்த்தால் பெட்டி நிறையப் பழசு.

செக்யூரிட்டி நல்ல மனிதர். "செரி பொண்ணு, உள்ள வா. நீ வெளிய வந்தத நான் எய்திக்க மாட்டேன்" என்றார்.

"வரலண்ணே. வெளிய வந்துட்டேம்லா" என்றாள்.

"சர்டிபிகேட்டு?" என்றேன் நான்.

"அவனே வச்சிக்கட்டும். நீயும் வாட்டி."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கம்பி வழியாக என் கையில் திணித்தாள். கம்பெனியின் நீலக் கோட்டோடேயே ரோட்டைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். கேட் பூட்டியிருக்கவில்லை, சும்மாதான் சாத்தியிருந்தது. நான் அட்டையைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வரை ஜெனிபாவின் இடத்தில் லென்ஸ் பார்த்தவள் நான்தான்.

இன்றும் இதே ஒரகடம் சாலையில்தான் இருக்கிறேன், வேறொரு கம்பெனியில். ஆபீஸ் வேலை, போன் கையிலேயே இருக்கிறது. ஊரில் யாருக்காவது காய்ச்சல் என்றால்கூட அடுத்த நிமிடம் படத்தோடு வந்துவிடுகிறது. பாதியில் நிற்கிற செய்தி என்று ஒன்று இப்போது இல்லை, அந்த ஆரஞ்சு ஆப்பில்கூட. மீதி என்ன என்று கேட்க யாரும் எழுந்து ஓட வேண்டியதில்லை, அதனால் யாரும் வெளியே போவதுமில்லை. எழுந்து வெளியே நடக்க அப்படி ஒரு சாக்கு இனிமேல் எனக்கு வரப்போவதில்லை.