கவிழ்த்த கும்பம்

தம்பிக்குப் பெயர் வைக்கப் பிக்கு வருகிறார் என்று அப்பா சொன்னபோது எனக்கு எட்டு வயது. அதற்கு முந்தின வருடம்தான் அப்பா எங்களைப் பௌத்தத்துக்கு மாற்றியிருந்தார். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் மாறியது நாங்கள் மட்டும்தான். சாமி படங்கள் இறங்கின, புத்தர் படம் ஏறியது. அம்மாவிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை.

பிக்கு வரும் அன்று, தெருவில் தறிச் சத்தம் தொடங்கும் முன்பே அம்மா எழுந்து, செம்பில் தண்ணீர் நிரப்பி, நூல் சுற்றி, மாவிலை செருகிப் புத்தருக்கு முன்னால் வைத்தாள். குளித்துவிட்டு வந்த அப்பா பார்த்தார்.

“கோயில் கும்பத்துல நம்ம கை பட்டா தீட்டுன்னாங்க. அதுக்குத்தான் வெளிய வந்தோம். நீ அதையே வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கே. அறிவிருக்கா?”

செம்பைக் கொண்டுபோய் வாறுகாலில் கவிழ்த்தார். மாவிலைகள் சாக்கடைத் தண்ணீரோடு போயின. அம்மா வெங்காயம் நறுக்கப் போனாள்.

பத்து மணிக்குப் பிக்கு வந்தார். சென்னைக்காரர், இலங்கையிலும் பர்மாவிலும் படித்தவராம். உட்கார்ந்ததும், “ஒரு செம்புல தண்ணியும் கொஞ்சம் நூலும் வேணுமே. ஓதி முடிச்சுக் குழந்தை மேல தெளிக்கணும்,” என்றார். “மாவிலை இருந்தா செருகுங்க. இலங்கையில தென்னம்பாளை வைப்பாங்க, பர்மாவுல நாவல் மாதிரி ஒரு தளிர். தம்மம் போன ஊர்லல்லாம் அந்தந்த ஊர் வழக்கத்தையும் சேர்த்துக்கிட்டுத்தான் வளர்ந்துச்சு.”

தானும் அதையே நினைத்ததுபோல அப்பா தலையாட்டினார். அடுக்களைப் பக்கம் திரும்பி, “அந்தச் செம்பக் கொண்டா,” என்றார்.

அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். “நான் வைக்க மாட்டேன். கவுத்தவுகளே வைக்கட்டும்.”

கூடம் நிறைய அப்பாவின் நண்பர்கள். அப்பாவே போய்ச் செம்பைக் கழுவினார். சுற்றத் தெரியாமல் நூல் நழுவிக்கொண்டே இருந்தது. அம்மா பார்த்துக்கொண்டு நின்றாளே தவிரக் கை நீட்டவில்லை. தம்பியைச் சித்தி மடியில் கொடுத்துவிட்டு, ஓதி முடியும்வரை அடுக்களையிலேயே இருந்தாள்.

எனக்கு ஆத்திரமெல்லாம் அம்மா மேல்தான். பிக்குவே சரி என்று சொன்ன பிறகும், அத்தனை பேர் முன்னால் அப்பாவை எதற்காகத் தலைகுனிய வைத்தாள்? எல்லோரும் போனபின் கேட்டே விட்டேன்.

“அதான் கும்பம் வச்சாச்சுல்லா? இன்னும் என்னம்மா கோவம்?”

“வச்சாரு. நான் சொல்லியா வச்சாரு மக்கா?”

யார் சொன்னால் என்ன, வைத்தாயிற்றே என்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பாயசத்தைக் குடிக்கப் போனேன்.