கண்ணாடியில் விட்ட வட்டம்

டாக்டர் தாமோதரன் மறைந்த செய்தி, ஞாயிறு காலை நான் என் மீன்தொட்டியின் நீரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது வந்தது. சோதனைக் குழாயில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். அப்போது அவருடைய மகள் கவிதா அழைத்தாள்.

"அங்கிள், அப்பா போயிட்டார். தூக்கத்துலயே."

தொடர்ந்து கேட்டாள்: "க்ளினிக் தொட்டிக்கு இன்னிக்கு ஏதாவது பண்ணணுமா? ஞாயித்துக்கிழமைதானே தண்ணி மாத்துவார்?"

"நான் பாத்துக்கறேன்மா" என்றேன். கையிலிருந்த குழாயைப் பார்த்தேன். நிறம் எப்போதோ மாறித் தாண்டிப் போயிருந்தது.

பவளத்தொட்டி வைத்திருக்கும் நம் சிறிய குழுவில் அவரை அறியாதவர் இல்லை. இருப்பினும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மயிலாப்பூரில் பல் மருத்துவர். நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கும் சிகிச்சை அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் அவருடைய கடல்நீர்த் தொட்டி பதிக்கப்பட்டிருந்தது. கடலிலிருந்து எடுத்த எதையும் அவர் அதில் சேர்த்ததில்லை. நண்பர்களின் தொட்டிகளில் பெருகியதைப் பிய்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அப்படி ஒருவர் தந்த மென்பவளம் அவருடைய பின்பக்கக் கண்ணாடி முழுவதும் படர்ந்திருந்தது. காத்திருக்கும் அறையிலிருந்து பார்த்தால் பச்சை இழைகள் நீரோட்டத்தில் அசையும் புல்வெளி. சிகிச்சை அறையிலிருந்து பார்த்தால் அதன் முதுகு மட்டுமே தெரியும். கண்ணாடியை இறுகப் பற்றிய ஊதாப் படலம் அது.

எங்கள் கருத்து வேற்றுமை அந்தக் கண்ணாடியில்தான் தொடங்கியது. பவளம் கல்லில் வளர வேண்டும், கண்ணாடி கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. என் தொட்டியின் நான்கு பக்கங்களையும் வாரந்தோறும் சுரண்டிவிடுவேன். கண்ணாடியில் ஏறியதை நினைத்தபோது இடம் மாற்ற முடியாது, அதனால் அங்கே ஏறவிடக் கூடாது என்று அவரிடம் பலமுறை வாதிட்டிருக்கிறேன். அதனால் எனக்கு 'ரூல்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். நான் உள்ளே நுழைந்தாலே, "வாங்க ரூல்ஸ், பிளேடு கொண்டு வந்திருக்கீங்களா?" என்பார். இதை எப்படிக் கண்ணாடியில் ஏற்றினீர்கள் என்று குழுவில் யாரேனும் கேட்டால் அவருடைய பதில் ஒன்றுதான்: "கல்லக் கண்ணாடியோட சாய்ச்சு வைங்க. மீதிய அது பாத்துக்கும்."

அந்த ஊதாப் படலத்தின் நடுவே, காபி டபரா அளவில் ஒரு வட்டத்தை மட்டும் அவர் சுரண்டிச் சுத்தமாக வைத்திருந்தார். அது எனக்கு இன்னும் பெரிய முரணாகப் பட்டது. ஒருநாள் கேட்டே விட்டேன்: "வளர விடறதானா முழுக்க விடுங்க டாக்டர். இல்லேன்னா முழுக்க எடுங்க. இது என்ன நடுவுல ஓட்டை?"

"நாற்காலில உக்காருங்க."

"எனக்குப் பல்வலி இல்லையே."

"உக்காருங்க சார், புடுங்க மாட்டேன்."

உட்கார்ந்தேன். அவர் நாற்காலியைச் சிறுவர்களுக்கு வைக்கும் உயரத்துக்கு ஏற்றி, முதுகைச் சாய்த்தார். வட்டம் சரியாக என் கண்ணுக்கு நேரே வந்தது. அதன் வழியே, நீருக்கும் மீன்களுக்கும் அப்பால், வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி தெரிந்தார்.

"குழந்தைங்க ஊசிக்கு அழறதில்ல ரூல்ஸ். அம்மா எழுந்து போயிட்டாங்களோன்னுதான் அழறாங்க" என்றார் டாக்டர்.

அதன்பிறகு அந்த வட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. மீதிக் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை.

ஒரு புயலுக்கு மறுநாள் மயிலாப்பூர் முழுவதும் மின்சாரம் இல்லை. அடையாறில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்துவிட்டதால், அவருடைய பவளங்களை என் வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று வாளிகளுடன் போனேன். மோட்டார் நின்றுபோன தொட்டியில் காற்றுக் கலக்க, அவர் பிளாஸ்டிக் மக்கால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கை சலித்தால் உதவியாளர் சாந்தி வாங்கிக்கொள்வார். சைதாப்பேட்டையிலிருந்து முழங்கால் நீரில் நடந்து வந்திருந்தார் சாந்தி. என்னைக் கண்டதும், "பாருங்க சார், பல்லு புடுங்க வந்தவங்கள அனுப்சிட்டு, இதுக்கு மூச்சு குடுத்துக்கினு கீறாரு" என்றார்.

"கல்லுல இருக்கறத எடுத்துட்டுப் போங்க" என்றார் டாக்டர். "கண்ணாடில இருக்கறது எங்கயும் வராது. அதோட நான் இருக்கேன்." அப்போதும் நான், "இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஊற்றினார். மாலையில் மின்சாரம் வரும்வரை ஊற்றினார். அந்தப் பவளம் பிழைத்தது.

இப்போது அவர் இல்லை. க்ளினிக் வாடகை இடம். காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. கவிதா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா வளர்த்தது எதுவும் சாகக் கூடாது அங்கிள்." கல்லில் இருந்தவை ஒரே காலையில் வாளிகளில் ஏறிவிட்டன. எஞ்சியது பின்கண்ணாடி. அதை உயிரோடு கொண்டுபோக வேண்டுமானால் பிளேடால் ஓரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக உரித்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. நான் பிளேடை எடுத்தேன். பக்கத்தில் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்த சாந்தி மெதுவாகச் சொன்னார்: "இன்னா சார், கடைசில நீங்க சொன்ன மாதிரியே ஆயிப்போச்சு."

பிளேடு பட்டதும் பச்சை இழைகள் அத்தனையும் உள்ளே இழுத்துக்கொண்டன. படலம் கிழியாமல் துண்டு துண்டாகக் கைக்கு வந்தது. குழுவினர் ஒவ்வொருவராக வந்து ஒரு துண்டு பெற்றுச் சென்றார்கள். உங்களில் பலரிடம் இன்று அது இருக்கிறது. கடைசித் துண்டையும் எடுத்தபின் சிகிச்சை நாற்காலியில் சற்று உட்கார்ந்தேன். அவரிடம் இத்தனை காலம் நான் வற்புறுத்தியபடியே, ஒரு மாசும் இல்லாமல் அந்தக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே பெஞ்சு முழுவதும் தெரிந்தது. பெஞ்சில் யாரும் இல்லை.

என் பங்குக்கு வந்த துண்டை ஒரு கல்லில் பதித்து, என் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியோடு சாய்த்து வைத்தேன். மீதியை அது பார்த்துக்கொண்டது. இன்று அந்தக் கண்ணாடியில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. நடுவில் டபரா அளவுக்கு ஒரு வட்டத்தை மட்டும் ஞாயிறுதோறும் சுரண்டிவருகிறேன். அந்தப் பக்கம் பெஞ்சும் இல்லை, காத்திருப்பவரும் இல்லை. வட்டத்தின் வழியே எங்கள் வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. ஆயினும் அதை மூடவிட எனக்கு மனம் வரவில்லை.